நேத்து வந்திருக்கணும் சார்

குல்மார்க் போகிறவர்களுக்கு உருப்படியாக மூன்று யோசனை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் போன் சத்தம் போட்டது. எங்கள் ஸ்கீ கைடு வீடியோ அனுப்பியிருக்கிறார். திறக்கக் கூடாது என்று தெரியும். திறந்தேன். அங்கே அபர்வாத் மலைச் சரிவில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மார்பளவு பவுடர் பனியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஆள் என்று எதுவும் தெரியவில்லை. ஒரு சிவப்பு ஹெல்மெட்டும் அதைச் சுற்றி வெள்ளைப் புழுதியும்தான். கீழே இரண்டு கும்பிடு, ஒரு சிரிப்பு மூஞ்சி, ஒரு வாக்கியம்: "சார், நீங்க போனதுக்கப்புறம் நல்லா விழுந்திருக்கு!"

தங்கமான பையன். என் பூட்ஸ் பக்கிளைத் தினமும் குனிந்து அவரே மாட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் இப்படி ஒரு செய்தியை ஒருவன் ஊருக்குப் போய், ஈரத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகு அனுப்புவதில் யாருக்கு என்ன லாபம்? போய் இறங்கியபோது 'நேத்து வந்திருக்கணும்' என்றார்கள். கிளம்பிய பிறகு 'இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கணும்' என்கிறார்கள். நடுவில் நான் இருந்தேனே சில நாள், அதைப் பற்றிச் சொல்ல மட்டும் அந்த மலையில் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.

சரி, போகட்டும். யோசனைக்கு வருவோம்.

முதல் யோசனை, எப்போது போவது என்பது. காஷ்மீரிகள் குளிர்காலத்தைக் கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் சில்லை கலான். அடுத்த இருபது நாள் சில்லை குர்த். அதன்பின் பத்து நாள் சில்லை பச்சா. ஆக எழுபது நாள். இந்த எழுபதுக்குள் போனால் பனி நிச்சயம் என்பார்கள். எழுபதில் எந்த நாள் என்று கேட்டால் மேலே கையைக் காட்டிவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல், காஷ்மீருக்குப் பனி உள்ளூர்ச் சரக்கு அல்ல. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்புகிற காற்றழுத்தத் தாழ்வு, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி வந்து, பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டி மேலே ஏறும்போதுதான் சுமையை இறக்கிவைக்கிறது. வானிலைத் துறைக்காரர்கள் இதை மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். இத்தனை தேசத்தை விசா இல்லாமல் கடந்து வருகிற ஒன்று, சென்னையிலிருந்து ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போட்டவனுடைய தேதிக்குச் சரியாக வந்து சேரும் என்று நாமெல்லாரும் மனப்பூர்வமாக நம்புகிறோம். நம்புவதற்கு வசதியாகக் கையில் ஆப் வேறு இருக்கிறது.

என்னிடம் மூன்று ஆப் இருந்தன. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒன்று நாற்பது சென்டிமீட்டர் என்றது. இன்னொன்று எட்டு என்றது. மூன்றாவது மேகமூட்டம் என்று ஒரு மேகப் படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எட்டு சொன்னதை உடனே அழித்தேன். மேகமூட்டம் சொன்னதை, போனில் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டேன். நாற்பது சொன்ன ஆப்புக்கு வருடச் சந்தா கட்டினேன். அதன் பிறகு எல்லா ஆப்பும் ஒரே குரலில் நாற்பது என்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தாலும் நாற்பதுதான். "பக்கத்து வீட்டு மொட்டைமாடியில வடகம் காயுது, மழை வருமான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். இந்த ஆப்பில் சென்னை கிடையாது என்று சொல்லிவிட்டேன். உண்மையும் அதுதான்.

நாற்பது சென்டிமீட்டர் விழுந்தது. அதில் பொய்யில்லை. நான் ஸ்ரீநகரில் இறங்குவதற்கு முதல் நாள் விழுந்தது.

விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸிக்காரர் என் ஸ்கீ பையைக் கார் கூரையில் ஏற்றி, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, கயிற்றை வாயிலிருந்து எடுத்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "நேத்து வந்திருக்கணும் சாப்." எவ்வளவு விழுந்தது என்று கேட்டேன். குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். ஸ்ரீநகரிலேயே இவ்வளவு என்றால் மேலே கேட்கவேண்டியதில்லை என்றார்.

டங்மார்கில் வண்டி நின்றது. அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி மாட்டாமல் ஏற முடியாது. சங்கிலி மாட்டுகிற பையன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். கூரையில் இருந்த பையைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையை மட்டும் நீட்டி, நேற்று வந்திருக்க வேண்டும் என்றான். படுத்த நிலையில் அளவு காட்டுவது சிரமம். இருந்தாலும் என்னுடைய காலைப் பிடித்து முழங்காலில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். பேண்டில் கிரீஸ்.

ஹோட்டல் ரிசப்ஷனிஸ்ட்டுக்கு இடுப்பு. கவுண்டருக்குப் பின்னால் இருந்ததால் அவர் இடுப்பு எனக்குத் தெரியவில்லை. அதை உணர்ந்து, பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்று காட்டிவிட்டுப் போனார். ஸ்கீ வாடகைக் கடைக்காரருக்கு மார்பு. கைடுக்கு அதுவும் போதவில்லை. ஸ்கீ போலைத் தரையில் செங்குத்தாக நட்டு, அதன் கைப்பிடிக்கு மேல் இன்னொரு கையை வைத்து, அந்தக் கையையும் கொஞ்சம் உயர்த்தினார்.

மலை ஏற ஏறப் பனி அதிகம் விழும். அது அறிவியல், நான் மறுக்கவில்லை. ஆனால் ஹோட்டலுக்கும் வாடகைக் கடைக்கும் நடுவில் ஏற வேண்டியது மூன்று படி. மூன்று படியில் ஒரு பனி இடுப்பிலிருந்து மார்புக்கு வளர்ந்தால் அதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்கிறவர்களை வகைப்படுத்திப் பார்த்தேன். ராத்திரியில் வேறு வேலை இல்லை. அறையில் புகாரி அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது. என் மச்சினன் ஃபிரன் அங்கிக்குள் காங்கிரித் தணல் சட்டியை வைத்துக்கொண்டு வயிற்றுக்கு நெருப்பு காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஸ்கீ தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஹரீசா சாப்பிடத்தான் வந்தான்.

முதல் வகை, சும்மா சொல்கிறவர்கள். இவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. குற்றாலத்தில் போய் நின்றால் போன வாரம் கொட்டின தண்ணியைப் பற்றிச் சொல்வார்களே, அந்தக் குலம். வரவேற்பு மாதிரி சொல்வார்கள். அவர்களைக் கடந்து போய்விடலாம்.

இரண்டாவது, ஆதாரம் வைத்திருப்பவர்கள். இவர்கள் சொன்னதோடு விடமாட்டார்கள். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, உள்பையிலிருந்து போனை எடுத்து, குளிரில் செத்துப்போன திரையை மூச்சு விட்டு ஊதி, விரலால் தள்ளித் தள்ளி அந்த வீடியோவைத் தேடுவார்கள். நடுவில் அவர்கள் மகளின் பிறந்த நாள், ஒரு எலெக்ட்ரிசிட்டி பில், தேவையில்லாத ஒரு சாப்பாட்டுத் தட்டு எல்லாம் வந்து போகும். நாம் போய்விடவும் முடியாது, நம் பக்கமாகத் திரும்பித்தான் தேடுகிறார்கள். கடைசியில் வீடியோ கிடைக்கும். அதில் ஒரு வெள்ளை. வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை. "இது நான்தான்" என்பார்கள்.

மூன்றாவது வகை வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். "எப்ப வந்தீங்க?" என்று மட்டும் கேட்பார்கள். "இன்னிக்குக் காலைல" என்போம். "ஓ" என்பார்கள். இந்த 'ஓ' இருக்கிறதே, அதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். முதலில் புருவம் லேசாக ஏறும். உதடு குவியும். சத்தம் வெளியே வந்த பிறகும் உதடு அப்படியே ஒரு விநாடி நிற்கும். பிறகு பார்வை நம் தோளைத் தாண்டி மலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். துக்க வீட்டில் கடைசியாக வந்தவனைப் பெரியவர்கள் பார்க்கிற பார்வைக்கும் இதற்கும் வித்தியாசம், அங்கே ஒரு காபியாவது கொடுப்பார்கள்.

நான்காவது, ஆறுதல் சொல்கிறவர்கள். "பரவால்ல சார், இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு." அந்த 'நல்லாத்தான்' என்ற இடத்தில் குரல் இறங்கும். "கீழ ஐஸ் மாதிரி இருக்கும், மேல கொஞ்சம் கிரஸ்ட் கட்டியிருக்கும், நடுவுல கல்லு தெரியுது, பார்த்துப் போங்க, மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

ஐந்தாவது வகை இருக்கிறது என்று மலைமேல் போகிற கம்பிவண்டியில், அதாவது கொண்டோலாவில், ஏறும் வரை எனக்கே தெரியாது. அந்தக் கேபினில் ஆறு பேர் உட்காரலாம். என் எதிரே உட்கார்ந்தவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்தேன். டில்லியிலிருந்து ஸ்ரீநகர் வந்த விமானத்தில் எனக்குப் பக்கத்து சீட். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். ஒரே பெல்ட்டில் பையை எடுத்தோம். அவர் பையின் கைப்பிடி உடைந்திருந்ததற்கு நான்தான் பெல்ட் கொடுத்து உதவினேன். அந்த மனிதர், பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையனைப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். பையன் சொன்னான். அவர் தலையை மெதுவாக ஆட்டிவிட்டு, "நேத்து வந்திருக்கணும் தம்பி, என்ன பவுடர்!" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. "சாருக்குத் தெரியும்" என்று என்னையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

ஆறாவது வகை வீட்டில் இருக்கிறது. ராத்திரி போன் பண்ணி, முதல் நாள்தான் நன்றாக விழுந்ததாம் என்றேன். "ஒரு நாள் முன்னாடி போங்கன்னு நான்தானே சொன்னேன்" என்றாள். அப்படி யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை வைத்துக்கொண்டு ரோமிங்கில் வாதாட முடியாது.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தாலும் எனக்கு அந்தப் பவுடர் கிடைத்திருக்காது. இதை அந்த ஆறு வகையினரிடமும் உட்காரவைத்து விளக்க ஆசை. கேட்கமாட்டார்கள், எனவே இங்கே சொல்கிறேன்.

பனி கொட்டுகிற அன்று என்ன நடக்கும்? காற்றும் கூடவே வரும். கொண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். குல்மார்க் ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் கட்டம் கொங்டூரிக்குப் போகிறது. இது 1998-இல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அது அபர்வாத்தின் தோள்பட்டையில், சுமார் 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. நம்முடைய கடற்கரைக் காற்றில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே இருக்காது. அந்த உயரத்தில் புயலில் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்க யாருக்கும் ஆசை இல்லை, எனக்கும் இல்லை. ஆக, விழுகிற அன்று மேலே போக முடியாது. ஹோட்டல் ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, விழுவதை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் வெயில். வானம் நீலம். இப்போதாவது போகலாம் என்றால், பேட்ரோல்காரர்கள் முதலில் போக வேண்டும். புதுப் பனி பழைய பனிமேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். சரிவு 30 டிகிரிக்கு மேலே, 45-க்குள்ளே இருந்தால் பனிச்சரிவுக்கு அதைப் போல வாகான இடம் கிடையாது. ஸ்கீ பண்ண ஆசைப்படுகிற சரிவும் துல்லியமாக அதே கோணம்தான். படைத்தவனுக்கு என்ன குறும்போ! பேட்ரோல்காரர்கள் வெடி வைத்து, விழ வேண்டியதை விழவைத்து, கயிறு கட்டி, அதன் பிறகுதான் திறப்பார்கள். அதுவும் கொண்டோலாவுக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு பள்ளத்தாக்கைத்தான். அந்தண்டை இந்தண்டை போகிறவர்கள் உடம்பில் புதைந்தால் இடம் காட்டுகிற பீக்கன், முதுகில் மண்வாரி, ஒரு நீளக் கம்பி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, கைடு சொல்படி போக வேண்டும். பீக்கன் இல்லாமல் கயிற்றைத் தாண்டுகிற வீரர்களையும் பார்த்தேன். அவர்களைத் தேடிப் போகிறவன் உயிர் யார் வீட்டுச் சொத்து என்று தெரியவில்லை.

திறந்ததும் வரிசை. வரிசையில் பாதிப் பேர் ஸ்கீ இல்லாமல், மேலே போய் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வர வந்தவர்கள். அவர்களுக்கும் உரிமை உண்டு, டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் என் மச்சினனும் ஒருவன். மேலே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அதற்குள் முதல் கேபின்களில் போனவர்கள் மொத்தச் சரிவையும் கோடு கோடாகக் கிழித்துவிட்டார்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. பவுடர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் மேலே ஓடு கட்டும். ஸ்கீ அந்த ஓட்டை உடைத்து உள்ளே போகும், நாம் வெளியே வருவோம்.

ஆக, கொட்டுகிற அன்று மூடல். வெளுத்த அன்று காலை வெடி. பிறகு வரிசை. மதியம் ஓடு. இதில் அந்த மார்பளவுப் பவுடரை யார் எப்போது அனுபவித்தார்கள்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். எந்த ஆப்பும் அதை நாளைக்கு என்கிறது, எந்த மனிதனும் அதை நேற்று என்கிறான். இன்றைக்கு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்கிறேன், ஒரு தடவை. மச்சினன் சொன்னான். ஒரு காஷ்மீரித் தாத்தா கயிறு கட்டிய மரப்பலகையில் அவனை உட்காரவைத்து ஊரைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "மாமா, இன்னிக்குச் செமயா இருக்கு!" என்றான். அவன் கருத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. கைடு ஒரு நாள் மத்தியானம் என்னை பாபா ரெஷி தர்கா பக்கம் இறங்குகிற காட்டு வழியில் கூட்டிப் போனார். வெயில் படாத வடக்குப் பக்கம். பைன் மரங்களுக்கு நடுவே நாலு வீட்டு மனை அளவுக்கு ஒரு துண்டு, யார் கோடும் படாமல் கிடந்தது. கையுறையில் ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். உருண்டை பிடிக்கவில்லை. நல்ல பவுடர் உருண்டை பிடிக்காது, அதில் தண்ணீரே அவ்வளவுதான். பத்து சென்டிமீட்டர் உருகினால் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. உள்ளங்கையில் வைத்து ஊதினேன். முழுசும் பறந்தது, கையுறை காய்ந்தே இருந்தது.

இறங்கினேன். முதல் திருப்பத்தில் ஸ்கீயின் முனை உள்ளே போய் மறைந்தது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த திருப்பத்தில் அது தானாக மேலே வந்தது. சத்தம் இல்லை. ஓடு கட்டிய பனியில் வருகிற அந்தக் கரகரப்பு, பல் கூசவைக்கும் உராய்வு, எதுவும் இல்லை. முழங்காலுக்கு மேலே எழும்பிய தூள் தொடையில் பட்டு, மூக்கில் ஏறி, தும்மல் வந்தது. ஏழெட்டுத் திருப்பம் இருக்கும். துண்டு முடிந்துவிட்டது. கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். நான் போட்ட கோடு, கொஞ்சம் கோணல்தான், ஆனால் என்னுடையது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது, குளிராக இருக்கலாம்.

கைடு பின்னாலேயே வந்து நின்றார். அவரும் என் கோட்டைப் பார்த்தார். போலில் சாய்ந்துகொண்டு, அன்பாக, மிகவும் அன்பாகச் சொன்னார்: "இதே இடம் சார். நேத்து பார்த்திருக்கணும்."

இது ஏதோ காஷ்மீருக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். நான் ஸ்கீ கற்றதே அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், வேலை பார்த்த காலத்தில். அங்கே கார் நம்பர் பிளேட்டிலேயே உலகின் மகத்தான பனி எங்களுடையது என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆல்டா என்ற ஊரில் சராசரியாக ஒரு பருவத்துக்கு 500 அங்குலத்துக்கு மேல் விழும். அந்த ஊரில் பனிச்சரிவு அபாயம் வந்தால் யாரும் கட்டிடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று சட்டம். 2021 பிப்ரவரியில் 60 மணி நேரம் அப்படிப் பூட்டி வைத்தார்கள். வெளியே உலகின் மகத்தான பனி, உள்ளே அதற்காகவே பணம் கட்டி வந்தவர்கள். அங்கேயும் லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லோரும், பற்பசை விளம்பரத்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு, நேற்று நீ வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே இருந்த வருடங்களில் சராசரிக்குக் கீழேதான் விழுந்தது. மூட்டை கட்டிச் சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு, 2022–23 பருவத்தில், 903 அங்குலம் விழுந்து சாதனை. 75 அடி! ஏழு மாடி உயரம்! பழைய ஆபீஸ் நண்பர்கள் ஒருவர் விடாமல் படம் அனுப்பினார்கள். படத்தில் வீடே தெரியவில்லை, புகைபோக்கி மட்டும் தெரிந்தது. எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போட்டேன். வேறு விரல் அந்த ஆப்பில் இருக்கிறது, பயன்படுத்தவில்லை.

ஒரே ஒருத்தர் மட்டும்தான் என்னிடம் நேற்றைப் பற்றிப் பேசவில்லை. வாடகைக் கடைக்குப் பின்னறையில் பைண்டிங் முடுக்குகிற பெரியவர். என் எடையைக் கேட்டு, பூட்ஸ் நீளத்தை ஸ்கேலால் அளந்து, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே பேசினார். அவர் சின்ன வயதில் பனி அதிகமான வருடங்களில் மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே வருவார்களாம். உடம்பில் எந்த இடத்தையும் தொட்டு அளவு காட்டவில்லை. ஜன்னலைக் காட்டினார். காட்டிவிட்டுத் திருகாணிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஊருக்கு 'நேத்து வந்திருக்கணும்' என்று சொல்ல உரிமை இருக்கிறது. 1927-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். பனி வந்தாலும் வராவிட்டாலும் அங்கேயே இருப்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒரு ஆள், ஆரிஃப் கான், இந்தப் பக்கத்துப் பிள்ளை. ஜெயன்ட் ஸ்லாலமில் 45-ஆவதாக வந்தார். மரத்துண்டைக் காலில் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போன அரை டவுசர் வயசுப் பையன்கள் எல்லாம் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த ஊருக்குச் சில குளிர்காலங்கள் சரியாக அமையவில்லை. 2024 ஜனவரி பாதி வரை குல்மார்க் காய்ந்து கிடந்தது. சில்லை கலான் நடுவில், சரிவெல்லாம் பழுப்புப் புல். ஜனவரி கடைசியில்தான் விழுந்தது. 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் கட்டத்தைப் பிப்ரவரியில் நடத்துவதாக இருந்து, பனி இல்லை என்று தள்ளிவைத்து, மார்ச்சில் நடத்தினார்கள். அரசாங்கத்தின் தேதிக்கே வராத பனி என்னுடைய தேதிக்கு வரவில்லை என்று நான் குதிப்பது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் குதிக்கிறேன். அரசாங்கம் தேதியை மாற்றிக்கொண்டது, எனக்கு லீவு மாற்றித் தரமாட்டார்கள்.

இதைப் பற்றி ஹோட்டலில் ராத்திரி ஒரு விவாதம்கூட நடந்தது. மும்பை, பெங்களூரு, மெல்போர்ன், மாஸ்கோ என்று உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் விமான எரிபொருளை எரித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள், புகாரியைச் சுற்றி உட்கார்ந்து, கஹ்வா குடித்துக்கொண்டு, பனி ஏன் குறைகிறது என்று மிகுந்த கவலையோடு பேசினோம். யாருடைய கவலையும் போலியல்ல. மறுநாள் காலை ஐந்து மணிக்கே எல்லோரும் ஆப்பைப் பார்த்தோம்.

அடுத்த வருடத்துக்கு ஒரு தேதி பார்த்து வைத்திருக்கிறேன். சொல்லமாட்டேன். சொன்னால் அந்த விமானத்துப் பக்கத்து சீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

பத்திரிகைக்காரர் கொடுத்த இடம் முடியப்போகிறது. இரண்டாவது யோசனையையாவது சொல்லிவிடுகிறேன், மூன்றாவதற்கு இடம் இல்லை. அது சாக்ஸ் பற்றியது. அங்கே போனதும் எல்லோரும், கால் விறைத்துவிடும், தடிமனான கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போடுங்கள் என்பார்கள். டங்மார்கில் விற்கவும் விற்பார்கள். வாங்காதீர்கள். ஒரே ஜோடி, முழங்கால் வரை வருகிற மெல்லிய சாக்ஸ் போதும். ஸ்கீ பூட்ஸுக்குள் இரண்டு ஜோடியைத் திணித்தால் கால் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் சீக்கிரம்தான் ஜில்லிடும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வேறு. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, டங்மார்கில் இறங்கி இரண்டு ஜோடி வாங்கினார். நீங்களும் வாங்கத்தான் போகிறீர்கள். வாங்குங்கள்.